பூட்ஸ் இன்ஸ்பெக்டர்

அவரை நான் முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. டப்பாவுக்குள் ஒரு கல் இருந்தது. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆட்கள் பாட்டிலோடு வருவார்கள், வாளியோடு வருவார்கள். கோபத்தில் குழாயையே கழற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கல்லோடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார் இருக்காரா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

"நான்தான்."

"இல்ல, பெரிய சார்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டம் சட்டம் போடப்பட்டு, வீட்டுக்கு வருகிற யாரும் பார்க்காமல் தப்பிக்க முடியாத உயரத்தில் ஊரில் மாட்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது வேறு. 'பெரிய சார்' என்றது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

"பெரிய சார் லீவு. அவர் பாத்தாலும் கல்லு, நான் பாத்தாலும் கல்லுதான். குடுங்க," என்றேன்.

கல்லின் மேல் நனைந்த கம்பளித் துண்டு போல ஒன்று போர்த்தியிருந்தது. பழுப்பும் வெள்ளையுமான நிறம். பார்வைக்குச் சளி, தொட்டால் வழுக்கவில்லை, ஈரப் பஞ்சைத் தொட்டது போல இருந்தது.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"மலையிலேருந்து."

"எந்த மலை?"

"உயரமான மலை சார்."

"மலைன்னா உயரமாத்தான் இருக்கும். எந்தப் பக்கம்?"

"தண்ணி வர்ற பக்கம்."

இதற்கு மேல் இவரிடம் வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு சிட்டிகை கிள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். காம்பின் நுனியில் நிற்கும் கண்ணாடிப் புட்டிகள் போல செல்கள் வரிசை வரிசையாக நின்றன. கல்லூரியில் படத்தில் பார்த்ததை முதன்முறை நேரில் பார்த்தேன். குளிர்ந்த, தெளிந்த மலையோடைகளில் பாறையைப் போர்த்திக்கொண்டு வளரும் ஒரு பாசி அது. அதற்கடியில் பூச்சிகள் குறையும். பூச்சி குறைந்தால் மீனும் குறையும். இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இது தானா வருமா சார், இல்ல யாராவது கொண்டு வரணுமா?"

"சில தண்ணியில முன்னாடியே கொஞ்சம் இருக்கும், நேரம் பாத்துப் பெருகும். ஆனா இத்தனை வருஷம் இல்லாத ஓடையில புதுசா வந்திருந்தா, மனுஷன் கால்லதான் வந்திருக்கணும். டிரவுட் மீன் பிடிக்கிறவங்க பாறை வழுக்காம இருக்கக் கம்பளி அடி வச்ச பூட்ஸ் போடுவாங்க. அந்தக் கம்பளி இதுக்கு மெத்தை. ஈரம் இருந்தா ஜம்முனு உக்காந்து வந்துரும்."

"வெயில்ல காயவச்சா?"

"முறுகக் காஞ்சா செத்துரும்."

"காயவைக்காம, பிளாஸ்டிக் பையில கட்டி, இருட்டா ஒரு இடத்துல வச்சிருந்தா?"

படித்ததைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், கேள்வி ஏன் இவ்வளவு குறிப்பாக வருகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. "அதைவிட வசதியான வீடு அதுக்கு வேண்டாம்," என்று சிரித்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாவின் மூடியைப் போட்டார். அது ஒரு பக்கம் அமுங்க, மறுபக்கம் எழும்பியது. அதையே மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். கல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், வேறு தண்ணீரில் போட்டுவிடாதீர்கள் என்றேன். டப்பாவையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போனார்.

அவர் லிப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிப்ட் உட்பட நகரத்தின் பாதி லிப்டுகள் அவர் பொறுப்பு என்பது அடுத்த வாரம் அவர் எங்கள் மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறையிலிருந்து கிரீஸ் கையோடு இறங்கி வந்தபோது தெரிந்தது. கம்பெனியின் நீலச் சட்டை, மேல்பையில் டெஸ்டர், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்க்கும் பழக்கம். அன்று 'சார்' போய் 'தம்பி' ஆனேன். அதன்பின் டீ குடிக்க, வீட்டுக்குச் சாப்பிட வர என்று பழக்கம் வளர்ந்தது. அவர் வாழ்க்கையை நான் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அவர் மனைவியின் கிண்டல்கள் வழியாக.

"இவரு வேலையைக் கேளுங்க தம்பி. வாரம் பூரா, ரெண்டு மாடி ஏறச் சோம்பல்படுற ஜனத்தை எல்லாம் மேல ஏத்தி விடுறது. ஞாயித்துக்கிழமை ஆனா, தான் மட்டும் நடந்தே மலை ஏறுறது. எங்க மலையில முன்னாடியே ஒரு லிப்ட் இருந்திருந்தா இவரை நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன்."

அது உண்மைதான். இளவயதில் ஒரு மலை விடுதிக்கு லிப்ட் பொருத்தப் போனார். அங்கே சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், வேலை முடிந்ததும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடுவான். இவரும் கூடப் போனார். மீன் பிடித்தார். மீனைக் கொடுக்கப் பையன் வீட்டுக்குப் போனார். பையனுக்கு ஒரு அக்கா இருந்தார்.

"மீனுக்குப் போட்ட தூண்டில்ல எங்கக்கா மாட்டிக்கிச்சு," என்பாராம் அந்தத் தம்பி. இப்போது அவர் பெரிய பெயிண்டர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

"மாட்டுனது நான்டா மாப்ள."

"அளவு பத்தலைன்னா திருப்பித் தண்ணியில விட்டிருக்கலாம்ல மாமா?"

"அளவு பத்தாததைப் பிடிச்சு வச்சிருக்கிறது நான்," என்று அக்கா முடித்துவைப்பார்.

மாமனும் மச்சினனுமாக இருவரும் வருடக்கணக்கில் மலை ஏறினார்கள். பஸ் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால் வண்டித்தடம், தடம் முடிந்ததும் பள்ளம், பள்ளத்தின் கடைசியில் அருவி. அருவியோடு மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். இவர்கள் ஒருநாள் அருவியின் பக்கவாட்டில் வேரைப் பிடித்து ஏறிப் பார்த்தார்கள். மேலே பள்ளத்தாக்கு விரிந்து ஒரு ஓடை ஓடியது. அதில் டிரவுட் இருந்தது. பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய மீனல்ல. அந்தக் கூழாங்கல்லிலேயே முட்டையிட்டு, அந்தத் தண்ணீரிலேயே பிறந்து, மனித நிழல் பட்டால் மின்னலாக மறையும் காட்டு மீன். ஓடைக்கு 'மொட்டை மாடி' என்று பெயர் வைத்தார்கள். லிப்ட் போகாத மாடி. யாரிடமும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு மீன் வீட்டுக்கு, மற்றதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கு. இதுவே சட்டம்.

இன்னொரு சட்டம் பூட்ஸைப் பற்றியது. அதைப் போட்டவர் லிப்ட்காரர். ஒரு தண்ணீரின் ஈரத்தை இன்னொரு தண்ணீருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எங்கோ கேட்டிருந்தார். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் பானை ஓடு போலக் காயவைத்த பூட்ஸோடுதான் மேலே வர வேண்டும். கடைசிப் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் மச்சினன் பூட்ஸைக் கழற்றிக் காட்ட வேண்டும். இவர் கம்பளி அடியில் விரலை அழுத்தி, விரலை மூக்கில் வைத்து மோந்தும் பார்ப்பார். ஒருமுறை விரல் நுனியில் ஈரம் தட்டியதென்று, அத்தனை தூரம் வந்த மனிதரை அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாரமே குடும்பம் முழுக்க அவருக்குப் 'பூட்ஸ் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தது பெயிண்டர்தான். திருப்பி அனுப்பப்பட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை. பெயர் கிடைத்ததில் சந்தோஷம்.

இன்ஸ்பெக்டரின் பூட்ஸை யாரும் சோதித்ததில்லை.

இவர் கல்லோடு எங்கள் கூடத்துக்கு வந்ததற்குச் சில மாதம் முன்பு, இருவரும் மொட்டை மாடிக்குப் போயிருந்தபோது பெயிண்டர்தான் முதலில் பார்த்தார். "மாமா, யாரோ ஸ்வெட்டரைப் பிச்சுப் போட்டிருக்கான் பாரு," என்று கூப்பிட்டார். பாறை பாறையாக அது படர்ந்திருந்தது. லிப்ட்காரர் பார்த்தார். அன்றைக்குத் தூண்டிலைப் பூட்டாமலே திரும்பி இறங்கினார்.

அடுத்த ஞாயிறு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டரும் அவர் மனைவியும் பிள்ளைகளும், லிப்ட்காரரின் மகளும். பேச்சு ஓடையைப் பற்றி வந்தது. பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லிப்ட்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"எவன் கால்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் காயாம வந்தவன் பத்து நாள் காயாம வந்திருப்பான். நாலு தரம் சொன்னாப் புரியுற ஜென்மமா இருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"என்னையா மாமா சொல்றே?"

"அங்க வேற எவன் வர்றான்? ரெண்டு பேருதானே போறோம்."

சிறுசுகள் மெல்வதை நிறுத்திவிட்டார்கள். பெயிண்டரின் மனைவி கணவனைப் பார்த்தார். பெயிண்டர் எழுந்து கை கழுவிக்கொண்டு, "இருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். அதன்பின் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தூண்டிலைத் தெருவில் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்வி. அக்கா போனில் பேசினால் நலம் விசாரிப்பார்; மாமா பேச்சு வந்தால், "அக்கா, பெயிண்டு காயுது, வைக்கிறேன்," என்பார்.

"பெயிண்டு காயுறதுக்கு இவன் எதுக்கு?" என்று அக்கா என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அவருக்கு ஒரே தம்பி.

ஒரு சனிக்கிழமை லிப்ட்காரர் என்னை அழைத்தார். ஓடையில் இன்னும் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று படித்த ஆள் ஒருவர் வந்து பார்க்க வேண்டுமாம். என் கான்வாஸ் ஷூவைக் கழற்றச் சொல்லி, அடுப்பில் கொதித்த உப்புத் தண்ணீரில் போட்டார். தனக்குக் கம்பளி அடி இல்லாத ரப்பர் பூட்ஸ் புதிதாக வாங்கியிருந்தார், அதையும் போட்டார்.

"உலகத்துலயே செருப்பை வேகவைக்கிற வீடு இது ஒண்ணுதான் தம்பி," என்றார் அவர் மனைவி. "வெந்ததும் சொல்லுங்க, உப்பு பாத்துச் சொல்றேன்."

ஏறினோம். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். அதிலேயே நான் பாதிவரைதான் ஏறியிருக்கிறேன். அருவியின் பக்கத்தில் வேர்களைப் பிடித்து ஏறும்போது கீழே பார்க்காமல் அவருடைய பூட்ஸின் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஏறினேன். மேலே போனதும் காற்று மாறியது. தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலித்தது.

அவர் தூண்டிலைப் பூட்டினார். நிமிர்ந்து நடக்கவில்லை, ஏதோ வீட்டுக்குள் திருடப் போகிறவர் மாதிரி குனிந்து, ஓடையின் கீழ்ப்பக்கமிருந்து மெல்ல மேலே போனார். டிரவுட் தண்ணீர் வரும் பக்கம் முகம் வைத்து நிற்கும். பின்னாலிருந்து போனால்தான் பார்க்காது. இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈ ஒன்றை ஒரு பாறையின் மறைவில் விழவைத்தார். விழுந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை சுழித்தது. மீன் வந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தார். கறுத்த முதுகு, பக்கமெல்லாம் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிர் வளையம். அப்படி ஒரு அழகை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் தலை பெரிதாகவும் உடம்பு ஒடுங்கியும் இருந்தது.

"பட்டினி," என்றார். விட்டுவிட்டார்.

தூண்டிலைக் கழற்றிச் சுருட்டினார். ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் புழுவோ கூடோ எதுவும் இல்லை. இன்னொன்றைப் புரட்டினார். இடுப்பளவு தண்ணீர் நிற்கும் மடு வரைக்கும் பாறையெல்லாம் அந்த அழுக்குக் கம்பளி போர்த்தியிருந்தது. நான் புட்டிகளில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கரையில் உட்கார்ந்து எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

"இதைக் கொண்டுவந்தது அவன் இல்ல தம்பி."

நான் திரும்பினேன். அவர் திரும்பவில்லை.

அவர் லிப்ட் பார்க்கும் பெரிய குடியிருப்பு ஒன்றின் சங்கத் தலைவருக்கு மீன் பிடிப்பதில் திடீரென்று ஆசை வந்தது. இவருக்கு அதில் கைப்பழக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரில் கீழாற்றுக்குக் கூப்பிட்டார். கீழாறு ரோட்டோரமாக ஓடுவது. பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டி, டிக்கெட் போட்டுப் பிடிக்கவிடுகிற இடம். மாமனும் மச்சினனும் அதைத் 'தொட்டி' என்பார்கள். தொட்டியில் கைவிட்டு எடுப்பதற்குப் பெயர் மீன்பிடியா என்று சிரிப்பார்கள்.

"அத்தனை நாளா 'ஏய் லிப்ட்காரா'ன்னு கூப்பிட்ட வாயி தம்பி அது. அன்னிக்கு 'சார்'னு கூப்பிட்டாரு. அவரு நண்பர்கள்கிட்ட 'சார்தான் எக்ஸ்பர்ட்'ன்னாரு. மடக்குற நாற்காலி போட்டு உக்காரவச்சாங்க. நானும் உக்காந்தேன். கொழுத்த கொழுத்த மீனாப் பிடிச்சுக் குடுத்தேன். போட்டோ எடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன், எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

எங்கோ லிப்ட் கோளாறு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வரும்போது பூட்ஸ் ஈரம். வீட்டுப் பால்கனியில் காயவைத்தால், எங்கே போனாய் என்று கேள்வி வரும். தொட்டிக்குப் போனேன் என்று மச்சினனிடம் எந்த வாயால் சொல்வது? பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில், மெஷினுக்குப் பின்னால் வைத்தார். வேலை நெருக்கடியில் மறந்தும் போனார். அடுத்து மொட்டை மாடிக்குக் கிளம்பிய நாளில் போகிற போக்கில் பையை எடுத்துக்கொண்டார், பஸ்ஸிலேயே பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கும் அவன் பூட்ஸைச் சோதிச்சேன் தம்பி. கருவாடு மாதிரி காஞ்சு கிடந்துச்சு. 'ம், போ'ன்னேன். என் கால் உள்ள சொதசொதன்னு இருந்துச்சு."

"பாசியைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தொட்டியில அதே மாதிரி பாத்திருந்தேன். அங்க டிக்கெட் கிழிக்கிறவன்கிட்ட கேட்டதுக்கு, 'இங்க எப்பவும் இருக்கிறதுதான்'னான். மேல அதைப் பாத்ததும் எங்க பாத்தோம்னு நெஞ்சு சொல்லிருச்சு. யாரும் கேக்குறதுக்கு முன்னாடி வாய் முந்திக்கிச்சு. அதுக்கப்புறம்தான் கல்லை எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்தேன். இது வேற ஏதோன்னு நீங்க சொல்லிருவீங்கன்னு."

'அதைவிட வசதியான வீடு வேண்டாம்' என்று நான் சிரித்தது ஞாபகம் வந்தது. "அவர்கிட்ட சொல்லிருங்க," என்றேன்.

"சொல்லணும்," என்றார். "அதான் பிரச்சினை."

சொல்லவும் போனார். பெயிண்டர் அப்போது ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அதே கட்டடத்தின் லிப்டும் இவருடையதுதான். மதிய நேரம். ஏணியின் கீழே போய் நின்றார். பெயிண்டர் பார்த்தார், இறங்கி வந்தார், பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வைத்தார்.

"மாமா, நீ வந்ததும் நல்லதாப் போச்சு. நானே வரணும்னு இருந்தேன்," என்றார். "நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். போன வருஷம் ஒரு தடவை வீட்டுல உப்பு தீந்துபோச்சு. வெறும் சோப்புலதான் கழுவுனேன். உன்கிட்ட சொல்லலை. அதுலதான் வந்திருக்கணும். எத்தனை வருஷம் காப்பாத்துனோம் மாமா. நானே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க."

லிப்ட்காரர் வாயைத் திறந்தார். "சரி, விடு," என்றார்.

இதை என்னிடம் சொல்லும்போது எங்கள் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"மன்னிச்சுட்டேன் தம்பி," என்றார். "நான் அவனை மன்னிச்சுட்டு வந்திருக்கேன். தோள்ல தட்டிக்கூடக் குடுத்தேன்."

அதன்பின் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழி போட்டது ஒரு வாய்த்துடுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மன்னிப்புக்கு என்ன பெயர் வைப்பது? மச்சினன் வீட்டுக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்தார். அது இன்னும் மோசம். வந்த மனிதர் பழைய பெயிண்டராக இல்லை. மாமா பேசினால் தலையாட்டினார். அக்கா மகளிடம், "என்னை மாதிரி அசட்டையா இருக்காத," என்றார். அக்காவின் கிண்டலுக்குப் பதில் கிண்டல் வரவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். "என் தம்பிக்கு என்ன ஆச்சு? நல்ல பிள்ளை ஆயிட்டான்," என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

லிப்ட்காரர் சொல்வதற்கு நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் முடியாது, மனைவி இருப்பார். தெருவில் முடியாது, மச்சினன் நடந்துவிடுவார், அல்லது தானே நடந்துவிடுவோம் என்று பயந்தார். கடைசியில் தன் தொழிலுக்குள்ளேயே ஒரு இடம் கண்டுபிடித்தார். பெயிண்டு டின்களை மேலே ஏற்றித் தருகிறேன் என்று மச்சினனை லிப்டுக்குள் கூப்பிட்டார். இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்தும் பித்தானை அழுத்தினார்.

"என்ன மாமா, ரிப்பேரா?"

"இல்ல. நான்தான் நிறுத்துனேன்."

சொன்னார். தொட்டி, நாற்காலி, போட்டோ, பை, மோட்டார் அறை, எல்லாம். கதவைப் பார்த்தபடி சொன்னாராம். பெயிண்டர் ஒரு டின் மேல் உட்கார்ந்து கேட்டார். யாரோ வெளியே கதவைத் தட்டி, லிப்ட் என்ன ஆச்சு என்று கத்தினார்கள்.

"நான் உப்பு தீந்ததைத் தேடிக் கண்டுபிடிச்சேன்," என்றார் பெயிண்டர். "என் பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டேன், ஏன்டி உப்பு வாங்கி வைக்கலைன்னு. அவ அழுதா. நீ தொட்டிக்குப் போனதுக்கு அவ அழுதிருக்கா."

"தப்புதான் மாப்ள."

"தொட்டிக்குப் போறேன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பேன். அவ்வளவுதானே மாமா? ஒரு வாரம்."

வெளியே மறுபடி தட்டினார்கள்.

"லிப்டை ஓட்டு. வெளியில ஆளுங்க நிக்கிறாங்க. எங்க வச்சு சொன்னியோ அங்க வச்சே மாத்திச் சொல்லணும். தட்டுக்கு முன்னாடி. என் பிள்ளைங்க முன்னாடி."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். ஏதோ இருக்கிறது என்று அவர் மனைவிக்கும் தெரிந்துவிட்டது.

"வாங்க தம்பி. இன்னிக்கு வக்கீல் வச்சுப் பேசுறாராம் உங்க அண்ணன். என்ன கேஸுன்னுதான் தெரியல."

எல்லோரும் உட்கார்ந்த பிறகு லிப்ட்காரர் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார், எதையும் விடவில்லை. லிப்ட் கோளாறு என்று பொய் சொன்னதையும், அந்தப் படிக்கட்டில் மன்னித்ததையும்கூடச் சொன்னார். முகம் பெயிண்டரின் பிள்ளைகள் பக்கம் இருந்தது. "உங்கப்பா பூட்ஸ் எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு," என்றார். நான் இடையில் புகுந்து, இந்தப் பாசி வேறு காரணங்களாலும் பெருகலாம், தண்ணீரில் சத்துக் குறைந்தாலும் வரும், ஒருவரை மட்டும் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, நீங்க சாப்பிடுங்க," என்றார் பெயிண்டர்.

சாப்பிட்டேன்.

அக்கா எல்லோருக்கும் பரிமாறினார். கணவர் தட்டுக்கு வந்ததும் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சாப்பாடு முழுக்க அக்கா பேசியது ஒரு வாக்கியம்தான்: "நான் ஒரு வருஷமா என் தம்பியைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

மகள் எழுந்து போய் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. லிப்ட்காரர் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் சில வருடம் இருக்கிறது. அந்தக் குடியிருப்புச் சங்கத் தலைவர் பலமுறை கூப்பிட்டும் கீழாற்றுக்குப் போகவில்லை. மொட்டை மாடிக்கும் போவதில்லை. பெரிய சாரும் நானும் வருடத்துக்கு ஒருமுறை போய் மாதிரி எடுத்து வருகிறோம். ஒரு வருடம் பாசி குறைந்திருந்தது, அடுத்த வருடம் மறுபடி ஏறிவிட்டது. மீன் இருக்கிறது, முன்போல இல்லை. போய் வந்ததும் அவரிடம் சொல்வேன். "சரி தம்பி," என்பார். விவரம் கேட்க மாட்டார். மனைவி அவருக்குப் பரிமாறுகிறார், கிண்டலும் திரும்ப வந்துவிட்டது; ஆனால் மலை, மீன் பற்றி மட்டும் கிண்டல் செய்வதில்லை.

பெயிண்டர் ஞாயிறுகளில் வந்து போகிறார். மாமா என்றுதான் கூப்பிடுகிறார், சிரித்துப் பேசுகிறார். புதுத் தூண்டில் வாங்கியிருக்கிறார். வேறு எங்கோ மலைக்குள் ஒரு ஓடை கண்டுபிடித்துத் தனியாகப் போய் வருகிறார். எந்த ஓடை என்று மாமாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.